கோச்சா, கன்சல்டன்ட்டா: யாரை எப்போது அழைப்பது?

தொழிலிலோ வேலையிலோ ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். காசு கொடுத்தாவது யாரிடமாவது உதவி கேட்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். விசாரித்தால் இரண்டு விதமான ஆட்களைச் சொல்வார்கள். ஒருவர் கன்சல்டன்ட், அதாவது ஆலோசகர். இன்னொருவர் கோச். இருவருமே எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள், இருவருமே கட்டணம் வாங்குகிறார்கள். விசிட்டிங் கார்டில் இரண்டையும் சேர்த்தே அச்சடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் வேலை வேறு வேறு. ஆளை மாற்றி அழைத்துவிட்டால் பணம் போவது மட்டுமில்லை, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று ஒரு வெறுப்பும் வந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கோச்சிங் என்பது நீட், டிஎன்பிஎஸ்சி வகுப்புகளைக் குறிக்கவில்லை. அவை பாடம் நடத்தும் இடங்கள். தனி ஒருவருடனோ ஒரு சிறு குழுவுடனோ மாதக்கணக்கில் பேசிப் பேசி, அவர்கள் வேலை செய்யும் விதத்தை அவர்களாகவே மாற்றிக்கொள்ள உதவுவதுதான் நாம் பேசப்போகும் கோச்சிங்.

கன்சல்டன்ட் உங்களிடம் இல்லாத அறிவைக் கொண்டுவருகிறார். ஆராய்ந்து பார்த்து, "இதைச் செய்யுங்கள்" என்கிறார். சில சமயம் கூட நின்று செய்தும் கொடுக்கிறார். கோச் தீர்வு சொல்ல வருவதில்லை. நீங்களே யோசித்து முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவைச் செய்தும் முடிக்க வேண்டும். அதற்காகக் கேள்வி கேட்டுக்கொண்டும், தன் கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டும் அவர் கூடவே வருகிறார். இவ்வளவுதான் வரையறை. நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதுதான் முக்கியம்.

கன்சல்டிங்குக்கு நம் நாட்டிலேயே நன்றாக அளந்து பார்க்கப்பட்ட ஒரு உதாரணம் இருக்கிறது. 2008 முதல், மும்பையை ஒட்டிய பகுதிகளில் துணி நெய்யும் 17 நிறுவனங்களை ஒரு ஆராய்ச்சிக் குழு எடுத்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூமும் உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பெரிய பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் ஆட்களை அந்த ஆலைகளுக்கு இலவசமாக அனுப்பினார்கள். எல்லா ஆலைகளிலும் ஒரு மாதம் நிலைமையை ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஆலைகளில் மட்டும் இன்னும் நான்கு மாதம் தங்கி, நல்ல நிர்வாக நடைமுறைகள் என்று தாங்கள் பட்டியலிட்ட 38 விஷயங்களை ஒவ்வொன்றாக அமல்படுத்த உதவினார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தபோது என்ன இருந்தது? குடோனில் நூல் மூட்டைகள் லேபிள் இல்லாமல் குவிந்து கிடந்தன. எந்த நூல் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. துணியில் பழுது விழுந்தால், வாங்குகிறவர் புகார் சொன்ன பிறகுதான் அது யார் செய்த தப்பு என்று தேடுவார்கள். எந்தத் தறியில், எந்த டிசைனில், என்ன மாதிரிப் பழுது அடிக்கடி விழுகிறது என்று யாரும் எழுதி வைத்ததில்லை. ஆலையின் ஆட்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, நெய்த துணியில் விழுந்த பழுதைச் சரிசெய்வதிலேயே ஈடுபட்டிருந்தார்கள். வந்தவர்கள் செய்தது ஒன்றும் மாயமில்லை. பழுதைத் தினமும் தறிவாரியாக எழுதவைத்தார்கள். அதை வைத்து மேனேஜர்களைத் தினமும் கூடிப் பேசவைத்தார்கள். நூலை வகை பிரித்து ரேக்கில் அடுக்கவைத்தார்கள். இயந்திரத்தை நின்றுபோன பிறகு பழுதுபார்க்காமல், முன்கூட்டியே பராமரிக்க அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் வருடத்திலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. இவ்வளவு லாபம் தரும் விஷயத்தை இந்த முதலாளிகள் ஏன் இத்தனை வருடம் செய்யாமல் இருந்தார்கள்? சோம்பேறித்தனமா என்றால் இல்லை. பல நடைமுறைகள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலவும் தங்கள் ஆலைக்குப் பயன்படாது என்று நம்பினார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளும் இப்படித்தான் ஓடுகின்றன, நம் துணி அவர்கள் துணியைவிட மட்டமில்லையே என்று இருந்துவிட்டார்கள். அந்த முதலாளிகளை உட்காரவைத்து, "உங்கள் தரத்தை உயர்த்த என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று எவ்வளவு நாள் கேட்டிருந்தாலும் அந்த 38 நடைமுறைகள் அவர்கள் வாயிலிருந்து வந்திருக்காது. அறிவு இல்லாத இடத்தில் கேள்வி கேட்டு அதை வரவழைக்க முடியாது. அங்கே தேவைப்பட்டது கன்சல்டன்ட்.

சரி, கோச்சிங்குக்கு வருவோம். இன்றைக்கு அலுவலகங்களில் நடக்கும் கோச்சிங்கின் வேர் டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டிமதி கேல்வி ஒன்றைக் கவனித்தார். "முழங்கையை மடக்கு, மட்டையைப் பின்னால் கொண்டுபோ, பந்தைப் பார்" என்று அவர் சொல்லச் சொல்ல, ஆடுகிறவர்கள் இன்னும் இறுகிப்போனார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்தபோது பல தப்புகள் தானாகவே திருந்தின. அதனால் கட்டளை போடுவதைக் குறைத்துவிட்டு வேறு மாதிரி வேலை கொடுத்தார். பந்து தரையில் படும்போது "பட்டது" என்று சொல்ல வேண்டும், மட்டையில் படும்போது "அடித்தேன்" என்று சொல்ல வேண்டும். அல்லது, வருகிற பந்தின் மேலுள்ள தையல் கோடு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர் பந்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. "பந்தைப் பார்" என்ற கட்டளை சாதிக்காததை இந்தச் சின்னக் கவனிப்பு சாதித்தது. 1974இல் இதையெல்லாம் அவர் ஒரு புத்தகமாக எழுதினார். டென்னிஸ் ஆடாதவர்களும் அதைத் தேடிப் படித்தார்கள்.

கேல்வியின் வாதம் எளிமையானது. ஒருவருடைய திறமை முழுதாக வெளிப்படாததற்குக் காரணம், பல நேரம் அவர் மனதுக்குள் ஓடும் இடைஞ்சல்தான். பயம், சந்தேகம், தன்னைத்தானே திட்டிக்கொள்வது, எல்லாமே அதில் சேரும். அந்த இடைஞ்சலைக் குறைத்தால் இருக்கிற திறமையே வெளியே வரும். பிரிட்டனில் கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இதை நிறுவனங்களுக்குள் கொண்டுபோனார். அவரும் கூட்டாளிகளும் 1980களில் வகுத்த நான்கு படிகள் இன்றும் பெரும்பாலான கோச்களின் கையிருப்பு: உங்களுக்கு என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, இவற்றில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கெட்டிக்காரர் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

இரண்டு பேரும் ஒரே ஆளிடம் எப்படி வேலை செய்வார்கள் என்று பார்க்கலாம். கரூரில் இரண்டு கிளை உள்ள ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கிளை திறக்க வேண்டும் என்று முதலாளி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கன்சல்டன்ட் வந்தால் முதல் நாளே கணக்கைக் கேட்பார். கிளைவாரியாக விற்பனை என்ன, மைதாவும் வனஸ்பதியும் கேஸும் மாதம் எவ்வளவு ஆகிறது, தினமும் மிஞ்சித் தூக்கிப்போடும் பன்னும் பஃப்ஸும் எத்தனை, எந்த நேரத்தில் கூட்டம் என்று பார்ப்பார். மாதக் கடைசியில் ரிப்போர்ட் வரும். இரண்டாவது கிளையில் கேக் லாபம் தரவில்லை, டீயும் பஜ்ஜியும்தான் அதை ஓட்டுகின்றன. மூன்றாவது கிளைக்குத் தனி அடுப்பு வேண்டாம், முதல் கிளையிலேயே சுட்டு வண்டியில் அனுப்பலாம். வாடகை இந்தத் தொகையைத் தாண்டினால் கட்டுப்படியாகாது. எல்லாமே உருப்படியான தகவல். பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது.

கோச் வந்தால் பேச்சு இப்படிப் போகலாம்.

"மூணாவது கடை திறந்தாச்சுன்னு வச்சுக்குவோம். அன்னைக்குக் காலைல நீங்க எங்க இருப்பீங்க?"

"மெயின் கடையிலதான் சார்."

"புதுக் கடையில யாரு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "அதுதான் சார் பிரச்சினை. கல்லாவுல உட்கார வைக்க ஆள் இல்ல."

"ரெண்டாவது கடைக் கல்லாவுல இப்ப யாரு இருக்கா?"

"மச்சான் பையன். நாலு வருஷமா இருக்கான். நல்ல பையன் சார்."

"ராத்திரி கணக்கு முடிக்கிறதும் அவருதானா?"

"இல்ல, அதுக்கு நான் போயிருவேன். தினமும்."

"ஒரு வாரம் நீங்க போகலைன்னா என்ன ஆகும்?"

"தெரியல சார். போகாம இருந்து பார்த்ததில்ல."

இந்தக் கடைசி பதில் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. பொறுப்பை ஒப்படையுங்கள் என்று கோச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், "அதெல்லாம் நம்ம தொழில்ல நடக்காது சார்" என்று அந்த நிமிடமே பேச்சு முடிந்திருக்கும். அடுத்து அவர் கேட்பது இவ்வளவுதான்: "அடுத்த வாரம் நாம பேசுறதுக்குள்ள எதை முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு தோணுது?" மூன்று நாள் இரவு போகாமல் இருந்து பார்க்கிறேன் என்று முதலாளி சொல்கிறார். அது அவர் எடுத்த முடிவு. அடுத்த வாரம் கோச் அதைக் கட்டாயம் கேட்பார். கோச்சிங்கில் பாதி பலன் இந்த அடுத்த வாரக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த உதாரணத்தில் யார் சொன்னது சரி? இரண்டுமே. வாடகைக் கணக்கு தெரியாமல் கிளை திறந்தால் நஷ்டம். கல்லாவை விட மனமில்லாமல் இருந்தால் எவ்வளவு நல்ல ரிப்போர்ட் வந்தாலும் அது மேசை டிராயரில் தூங்கும். ஆகவே உதவி தேடுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் நடக்கவில்லையா? முதலாவது என்றால் கன்சல்டன்ட். இரண்டாவது என்றால் கோச்.

கோச்சிங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்வதை நிறையக் கேட்கிறோம். அது உண்மையில்லை என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு சாட்சி. 24 மாவட்டங்களில் பிரசவம் நடக்கும் 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பிரசவப் பாதுகாப்புப் பட்டியலைப் பாதி இடங்களில் கொடுத்தார்கள். கை கழுவுவது, ரத்தப்போக்கைத் தடுக்கக் குழந்தை பிறந்ததும் ஊசி போடுவது, குழந்தையை எடை போடுவது மாதிரியான அடிப்படை விஷயங்கள். பட்டியலைக் கொடுத்ததோடு விடாமல், பயிற்சி பெற்ற கோச்கள் எட்டு மாதம் அந்த இடங்களுக்குப் போய் வந்தார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி, போகப் போகக் குறைவாக.

பலன் என்ன? இரண்டு மாதத்தில், கோச் போன இடங்களில் நடைமுறைகளில் 72.8 சதவீதம் ஒழுங்காகச் செய்யப்பட்டன. போகாத இடங்களில் 41.7 சதவீதம். நல்ல வித்தியாசம். கோச்கள் வருவது நின்றுபோய், தொடங்கிப் பன்னிரண்டு மாதம் ஆனபோது அது 61.7 சதவீதமாக இறங்கியது. இதைவிட வருத்தமான செய்தி, தாய்க்கும் சேய்க்கும் நேரும் மரணங்களும் கடும் பாதிப்புகளும் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. 2017இல் இந்த முடிவுகள் வெளியாயின.

தெரிந்ததைச் செய்யவைக்க கோச்சிங்கால் முடிந்தது. ஆனால் மூச்சுத் திணறும் குழந்தையைக் காப்பாற்றும் கைத்திறமை, மருந்து, கருவி, உரிய நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வசதி, இவை இல்லாத இடத்தில் கோச்சால் அவற்றை உண்டாக்க முடியாது. ஆய்வு அவசியமில்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். கோச்சிங் எதுவரை போகும், எங்கே நிற்கும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேலை குறைவு.

கன்சல்டிங் பக்கமும் இதே மாதிரி ஒரு பின்கதை உண்டு. அந்த மும்பை ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் சுமார் ஒன்பது வருடம் கழித்துத் திரும்பப் போனார்கள். புதிதாக எடுத்துக்கொண்ட நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. மேனேஜர் மாறிய இடங்களிலும் முதலாளிக்கு நேரமில்லாத இடங்களிலும் அது அதிகம். மீதிப் பாதி நிலைத்திருந்தது, அந்த ஆலைகள் மற்ற ஆலைகளைவிட இன்னும் முன்னணியில்தான் இருந்தன. வந்தவர் போன பிறகு எது தங்குகிறது என்ற கேள்வியை இரண்டு துறையிலும் முதல் நாளே கேட்டாக வேண்டும்.

இவ்வளவு நேரம் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டேன். நிஜத்தில் அந்தக் கோடு சில இடங்களில் அழிந்துபோகும். அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2011இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தன் அனுபவத்தைச் சொன்னார். பல வருடம் அறுவை செய்து, நல்ல பெயரும் எடுத்த பிறகு, தன் முன்னேற்றம் நின்றுபோனதாக அவருக்குத் தோன்றியது. தனக்கு ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, அறுவை அரங்கில் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். தைராய்டு அறுவை. எல்லாம் நன்றாகவே நடந்ததாக கவாண்டே நினைத்தார். ஆஸ்டீன் நோட்டில் நெருக்கமாக எழுதி வைத்திருந்தார். விளக்கின் வெளிச்சம் காயத்தை விட்டு நகர்ந்துவிட்டது, சுமார் அரை மணி நேரம் பிரதிபலிக்கும் வெளிச்சத்தில்தான் வேலை நடந்தது. துணி விரித்த விதம் கவாண்டேவுக்கு வசதி, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு ஏறியது, அப்படி ஏறினால் நிற்கும் இடத்தையோ கருவியையோ மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இது கோச்சிங்கா, ஆலோசனையா? ஆஸ்டீனிடம் நீண்ட கால அறுவை அனுபவம் இருந்தது, "மாற்று" என்று நேரடியாகவே சொன்னார். அந்த அளவில் அது ஆலோசனை. ஆனால் கவாண்டேவுக்குத் தெரியாத புது அறிவு எதையும் அவர் கொண்டுவரவில்லை. விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று எந்த அறுவை மருத்துவருக்கும் தெரியும். தன் வேலையில் மூழ்கியிருப்பவர் கண்ணுக்குப் படாததைப் படவைத்தார், அது கோச் வேலை. விளையாட்டு கோச்களும் இப்படித்தான், கேள்வியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் 1960களின் கடைசியிலேயே கன்சல்டிங் பக்கமிருந்து இந்த நடுவழியைப் பற்றி எழுதினார்: நிபுணராகத் தீர்வை விற்பது ஒன்று, டாக்டர் மாதிரி நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது ஒன்று, பிரச்சினை உள்ளவர் தானே அதைக் கண்டுபிடிக்க உதவுவது மூன்றாவது. நல்ல கன்சல்டன்ட் பலர் மூன்றையும் கலந்தே செய்கிறார்கள். கலப்பது தப்பில்லை. "இப்போது நான் கேள்வி கேட்கவில்லை, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கலப்பவரை நம்பலாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். கன்சல்டன்ட்டிடம், உங்கள் தொழிலிலேயே அவர் செய்த வேலையைக் கேளுங்கள். கடைசியில் கையில் என்ன கிடைக்கும், ரிப்போர்ட்டோடு நிற்குமா, அமல்படுத்தும்வரை இருப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். கோச்சுக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தெரியாமல் இருப்பதே சில சமயம் நல்லது, அடிப்படையான கேள்விகள் வரும். ஆனால் அவர் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேரம் கோச்சிங் செய்திருக்கிறார் என்று கேட்கலாம். இந்தியாவில் யார் வேண்டுமானாலும் நாளைக்கே கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், சட்டப்படி லைசென்ஸ் எதுவும் வேண்டாம். அதனால்தான் 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மாதிரியான அமைப்புகளின் சான்றிதழைப் பலர் பார்க்கிறார்கள். அதன் ஆரம்ப நிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும், உச்ச நிலைக்கு 2,500 மணி நேர அனுபவம். சான்றிதழ் இருந்தால் மட்டும் நல்ல கோச் ஆகிவிட மாட்டார். ஆனால் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் போக வேண்டாம்.

நிறுவனமே பணம் கட்டி உங்களுக்கு கோச் ஏற்பாடு செய்தால், பேசுவது எதெல்லாம் மேலிடத்துக்குப் போகும் என்று முதல் சந்திப்பிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வழக்கமான ஏற்பாட்டில் இலக்கு என்ன என்பது மூன்று தரப்புக்கும் தெரியும், பேச்சின் உள்ளடக்கம் கோச்சுக்கும் உங்களுக்கும் மட்டும். இது எழுத்தில் இல்லையென்றால் மனம்விட்டுப் பேசுவது கஷ்டம், மனம்விட்டுப் பேசாத கோச்சிங் வெறும் அரட்டை.

ஜிஎஸ்டி தாக்கல், வழக்கு, கடன் வாங்கும் நிபந்தனை, கட்டட அனுமதி மாதிரியான விஷயங்களுக்கு இரண்டு பேருமே வேண்டாம். ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ இன்ஜினியரிடமோ போங்கள். அந்த வேலையில் தப்பு நடந்தால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது, குடி அதிகமாகிவிட்டது என்ற நிலையில் ஒருவர் தன் வேலைத்திறனைக் கூட்ட கோச்சைத் தேடுவதைப் பார்க்கிறோம். நேர்மையான கோச் அதைக் கவனித்ததும் நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்வார். அது அவர் தட்டிக்கழிப்பது ஆகாது, தன் வேலையின் எல்லை அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.